மோட்டார் கேள்வி–பதில்: கன்வெர்ட்டரை மாற்றும் முன்

பெட்ரோல் வண்டிகளின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பட்டறைகளில் 'கேட்கான்' என்று சுருக்கிச் சொல்வதும் இதைத்தான். என்ஜினுக்கும் சைலன்சருக்கும் நடுவே இருக்கும் எஃகுக் கூடு. உள்ளே தேனடை போல ஒரு பீங்கான் கட்டி, அதன் கண்ணறைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றும் இதற்குள் நுழைந்து பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் நைட்ரஜனாகவும் வெளியேற வேண்டும்.

என்னுடையது 2018 மாடல் 1.2 லிட்டர் பெட்ரோல் கார். 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது. செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0420 என்று காட்டுகிறது. கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்றியே ஆக வேண்டும் என்கிறார் மெக்கானிக். வண்டியோ நன்றாகத்தான் ஓடுகிறது. மாற்றத்தான் வேண்டுமா?
கே.ஆர்., ஈரோடு

பி0420 என்பது 'கன்வெர்ட்டரின் திறன் குறைவு' என்று வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் கோளாறு எண்; பட்டறையில் 'கோடு' என்பார்கள். அது வந்தாலே கன்வெர்ட்டர் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. அது ஒரு புகார். விசாரிக்காமல் தண்டனை கொடுத்தால் பணம்தான் வீண்.

புகார் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உங்கள் வண்டியின் கம்ப்யூட்டருக்குப் புகையை அளக்கத் தெரியாது. கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஆக்ஸிஜன் சென்சார்களை வைத்து அது ஊகிக்கிறது. பீங்கான் மேலுள்ள பூச்சில் சீரியம் ஆக்சைடும் இருக்கும். புகையில் ஆக்ஸிஜன் மிஞ்சும்போது இது வாங்கி வைத்துக்கொள்ளும். குறையும்போது திருப்பிக் கொடுக்கும். அதனால் முன் சென்சாரின் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாலும், பின் சென்சார் 0.6, 0.7 என்று ஏறக்குறைய அசையாமல் நிற்கும். சேமிக்கும் திறன் போனால் பின்னதும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கும். அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் இப்படிக் கண்டால் கம்ப்யூட்டர் விளக்கைப் போட்டுவிடும்.

ஆகவே பின் சென்சாரை ஏமாற்றும் எதுவும் பி0420-ஐக் கொண்டுவரலாம். அடிக்கடி பார்ப்பது எக்ஸாஸ்ட் கசிவு. சென்சாருக்கு முன்னால் ஒரு கேஸ்கெட் ஊசித்துளை அளவு ஓட்டையாகியிருந்தாலும், புகை துடிப்பு துடிப்பாகப் போகும்போது இடைவெளியில் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அதை ஆக்ஸிஜன் என்று படிக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். என்ஜின் ஆறியிருக்கும்போது டெயில் பைப்பில் புளோயரை வைத்து மெதுவாகக் காற்றைச் செலுத்தி, மேனிஃபோல்ட் இணைப்பு, சென்சார் அமரும் இடம், வெல்டிங் தையல் எங்கும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். குமிழி வந்த இடம்தான் கசிவு. இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு தெரிந்தாலும் அதே கதைதான்.

கசிவு இல்லையென்றால் ஸ்கேனரில் வேறு கோடுகள் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். மிஸ்ஃபயரை, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதைச் சொல்லும் பி0300 வரிசை, கலவை பிசகைச் சொல்லும் பி0171, பி0172 ஏதாவது இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் பி0420-ஐத் தொட வேண்டும். கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்தான் ஃபியூல் ட்ரிம். குறுகிய கால ட்ரிம், நீண்ட கால ட்ரிம் இரண்டையும் கூட்டினால் பத்து சதவீதத்துக்குள், ஏற்றமோ இறக்கமோ, நிற்க வேண்டும்.

இதற்கப்புறம்தான் சென்சார் படம். வண்டியை இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, 2,500 ஆர்பிஎம்மில் மூன்று நிமிடம் பிடித்து, இரண்டு சென்சாரையும் ஒரே திரையில் வரைபடமாகப் பாருங்கள். குளிர்ந்த கன்வெர்ட்டரைச் சோதிப்பதில் பயனே இல்லை. 250–300 டிகிரி சூட்டுக்கு மேல்தான் அது வேலையே தொடங்கும். பின் சென்சார் கோடு முன்னதைப் போலவே மேலும் கீழும் ஓடினால் சந்தேகம் வலுக்கிறது. ஒரு எச்சரிக்கை: சில கார்களில் முன்னால் இருப்பது சாதாரண ஆக்ஸிஜன் சென்சார் அல்ல, அகல அளவு ஏர்-ஃபியூல் சென்சார். அது அலையாக ஆடாது. அங்கே பின் சென்சாரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கடைசிச் சாட்சி கேஸ் அனலைசர். முன் சென்சார் துளையில் ஒரு முறை, டெயில் பைப்பில் ஒரு முறை அளக்க வேண்டும். உள்ளே போகும் ஹைட்ரோகார்பன் (எரியாத பெட்ரோல்) 320 பிபிஎம், வெளியே 18 பிபிஎம் என்றால் 94 சதவீதம் அழிகிறது. கன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. உள்ளே 320, வெளியே 140 என்றால் 56 சதவீதம்தான். அப்போது மாற்றுவதில் நியாயம் உண்டு.

லேசர் தெர்மாமீட்டரை வைத்து முன்பக்கச் சூட்டையும் பின்பக்கச் சூட்டையும் ஒப்பிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. பின்பக்கம் சூடு கூடுதலாக இருந்தால் நல்லது என்பார்கள். சுத்தமாக எரியும் இன்றைய என்ஜினில் கன்வெர்ட்டருக்கு எரிக்க அதிகம் மிச்சம் இருப்பதில்லை. எனவே நல்ல கன்வெர்ட்டரிலும் வித்தியாசம் தெரியாமல் போகலாம். இந்தச் சோதனை ஒன்றை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

கார் 60-க்கு மேல் இழுக்கவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் சத்தம்தான் வருகிறது. கன்வெர்ட்டர் அடைத்திருக்கும் என்கிறார் ஒருவர், கிளட்ச் என்கிறார் இன்னொருவர். கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?
எஸ்.பி., நாகர்கோவில்

உண்டு. மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் ஏறி வண்டி மட்டும் ஏறாமல் இருந்தால் கிளட்ச். முள்ளே ஏறத் திணறினால் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

அடைப்பைப் பார்க்க வேண்டியவை: 0 முதல் 10 பிஎஸ்ஐ வரை அழுத்தம் காட்டும் கேஜ், ஒரு முழம் செம்புக் குழாய், ஆக்ஸிஜன் சென்சார் மரைக்குப் பொருந்தும் அடாப்டர். மரை 18 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. பிட்ச்; லேத்தில் கடைந்து வாங்கலாம். என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போது 22 மி.மீ. பிளவுபட்ட சாக்கெட்டால் முன் சென்சாரைக் கழற்றுங்கள். நன்றாக ஆறிய பிறகு திருகினால் மரை பெயர்ந்து வரும்; கொதிக்கும்போது தொட்டால் கை வெந்துவிடும். கேஜை நேரே துளையில் பொருத்தாமல் செம்புக் குழாய் வழியே தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் கேஜின் ரப்பர் ஹோஸ் உருகும்.

ஐடிலில் ஒன்றேகால் பிஎஸ்ஐக்குள், 2,500 ஆர்பிஎம்மில் மூன்று பிஎஸ்ஐக்குள் நின்றால் வழி திறந்திருக்கிறது. 2,500-இல் ஐந்து, ஆறு என்று ஏறினால் அடைப்பு உறுதி. ஆனால் அடைப்பு கன்வெர்ட்டரிலா, அதற்குப் பின்னால் சைலன்சரிலா என்பதை கேஜ் சொல்லாது. பின் சென்சார் துளையிலும் இதே கேஜை வைத்துப் பாருங்கள். அங்கே குறைவு, முன்னால் அதிகம் என்றால் கன்வெர்ட்டர். இரண்டிலும் அதிகம் என்றால் சைலன்சர்.

சென்சாரைத் திரும்பப் போடும்போது மரையில் மட்டும் நிக்கல் கலந்த கிரீஸ் தடவுங்கள். முனையில் படக் கூடாது. கையால் முழுக்கத் திருகிய பிறகுதான் ஸ்பானர்.

கேஜும் அடாப்டரும் கிடைக்காத ஊரில் வேக்யூம் கேஜ் போதும். இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினால் ஐடிலில் பாதரச அளவில் 17 முதல் 21 அங்குலம் காட்டும். 2,500-இல் பிடித்து வைத்திருங்கள். முள் ஒரு நிமிடத்துக்குள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் புகை போக வழியில்லாமல் முட்டுகிறது.

போன வருடக் கடைசியில் புது கன்வெர்ட்டர் போட்டேன். நான்கு மாதத்தில் மறுபடி அதே கோடு. பொருள் மட்டம் என்று சண்டை போட்டேன், வாரன்டி கிடையாது என்கிறார்கள். யார் மேல் தப்பு?
வாசகர், கோயம்புத்தூர்

கழற்றிய பழைய கன்வெர்ட்டரை யாராவது உள்ளே எட்டிப் பார்த்தார்களா? அதில்தான் பதில் இருக்கிறது. இந்தப் பொருள் பெரும்பாலும் வயதாகிச் சாவதில்லை, என்ஜின் கொல்கிறது. கொன்றதைப் பிடிக்காமல் புதிதைப் போட்டால் அதுவும் அதே வழிதான்.

சென்சார் துளை வழியே எண்டோஸ்கோப் கேமராவை விட்டுப் பாருங்கள். செல்போனில் மாட்டும் மலிவான ரகமே போதும். நல்ல கன்வெர்ட்டரின் முகம் இடியாப்ப அச்சு மாதிரி ஒழுங்கான கண்ணறைகளுடன், சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும்.

நடுவில் கண்ணறைகள் உருகி, ஆறிப்போன வெல்லப்பாகு போல வழவழத்துக் கிடந்தால் காரணம் மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் அப்படியே கன்வெர்ட்டருக்குள் வந்து அங்கே எரிகிறது. சாதாரணமாக 400 முதல் 800 டிகிரிக்குள் வேலை செய்யும் பொருள், 900-ஐத் தாண்டினால் பூச்சின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பரப்பை இழக்கும். 1,400-க்கு மேல் பீங்கானே உருகும். ஒரு இக்னிஷன் காயில் போன வண்டியை 'ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று நெடுஞ்சாலையில் ஓட்டினால் ஒரே பயணத்தில் இது நடந்துவிடும். செக் என்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள் என்று கையேட்டில் எழுதியிருப்பது இதற்காகத்தான். விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு.

முகத்தில் சாம்பல் பூத்தாற்போல் படிந்து, என்ஜின் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் ஆயில் எரிகிறது. ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் துத்தநாகமும் பாஸ்பரஸும் பூச்சை மூடிவிடும். இப்போதைய பெட்ரோல் கார்களுக்கான எஸ்என், எஸ்பி ரக மெல்லிய ஆயில்களில் பாஸ்பரஸுக்கு 0.08 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருப்பதே கன்வெர்ட்டருக்காக. 'லாரிக்கே போடுகிறோம், காருக்கு ஆகாதா' என்று டீசல் ஆயிலை ஊற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தால் கூலன்ட். ஹெட் கேஸ்கெட் வழியே சிலிண்டருக்குள் கசிகிறது. ரேடியேட்டர் பாட்டிலில் அளவு குறைகிறதா என்று ஒரு வாரம் குறித்துவையுங்கள்.

உடைந்து கட்டி ஆடினால் அடி அல்லது திடீர்க் குளிர்ச்சி. ரப்பர் சுத்தியலால் கூட்டைத் தட்டினால் கலகலவென்று ஒலிக்கும்.

கடைக்காரர் வாரன்டி மறுத்தது நியாயமா என்பது இப்போது வண்டியில் இருக்கும் கன்வெர்ட்டரைப் பார்த்தால்தான் தெரியும். முகம் சுத்தமாக இருந்தும் திறன் போயிருந்தால் பொருளில் குறை, விடாதீர்கள். உருகியோ படிந்தோ இருந்தால் அவர்கள் மேல் தப்பில்லை.

கம்பெனி கன்வெர்ட்டருக்கு விலை கேட்டால் மயக்கம் வருகிறது. வெளியே எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று பல மடங்கு மலிவாக ஒன்று தருகிறார்கள். எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?
ஆர்.எம்., சென்னை–58

விலை வித்தியாசம் கூட்டில் இல்லை, பூச்சில். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு கன்வெர்ட்டரில் விலையுயர்ந்த உலோகம் மொத்தமே சில கிராம்தான். அதில் கை வைத்தால் யாருக்கும் தெரியாது, ஆறு மாதம் கழித்து வண்டிக்குத் தெரியும். மலிவுச் சரக்கில் சீரியம் பூச்சும் குறைவு. அதனால்தான் புகைப் பரிசோதனையில் தேறிவிட்டு, சில வாரத்தில் பி0420-ஐக் கொண்டுவரும்.

கேட்க வேண்டியவை இவை. சதுர அங்குலத்துக்கு எத்தனை கண்ணறை? பெட்ரோல் கார்களில் 400 பரவலானது, 600-ம் உண்டு. பழையதில் 600 இருந்த இடத்தில் 200 அல்லது 300 போட்டால் வண்டி சுதந்திரமாக மூச்சுவிடும், புகை சுத்தமாகாது. அடுத்து, உள்ளிருக்கும் கட்டியின் கன அளவு. 1.2 லிட்டர் என்ஜினுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் கட்டி இருக்க வேண்டிய இடத்தில் அரை லிட்டர் கொடுப்பார்கள். கூட்டின் நீளத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளே பாதி வெற்றிடமாக இருக்கலாம். இரண்டு பக்கத்திலும் அளவுக்கோலை விட்டுப் பாருங்கள், கட்டியின் முகம் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். எந்த மாசு நிலைக்கு (பிஎஸ், அதாவது பாரத் ஸ்டேஜ்) செய்தது என்று எழுத்தில் கேளுங்கள். பிஎஸ்6 வண்டிக்குப் பிஎஸ்4 கன்வெர்ட்டர் ஒத்துவராது.

இடமும் முக்கியம். இப்போதைய கார்களில் கன்வெர்ட்டர் மேனிஃபோல்டோடு ஒட்டியே இருக்கும், ஸ்டார்ட் செய்ததும் சீக்கிரம் சூடேற வேண்டும் என்பதற்காக. அதை வெட்டி எறிந்துவிட்டு இரண்டடி தள்ளி அடியில் வெல்டு செய்தால் சூடேறத் தாமதமாகும். காலை நேரப் புகை முழுவதும் சுத்தமாகாமல் தெருவுக்குப் போகும்.

பொருத்தும்போது அம்புக்குறி சைலன்சரைப் பார்க்க வேண்டும். கேஸ்கெட், ஸ்பிரிங் போல்ட் எல்லாம் புதிது. சென்சாருக்கு முன்னால் எங்கும் சிலிக்கோன் பசை கூடாது, ஆவி சென்சாரைக் கெடுக்கும். முதல் ஸ்டார்ட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் கூட்டிலிருந்து லேசான புகையும் வாடையும் வரும். பீங்கானுக்கும் எஃகுக்கும் நடுவிலுள்ள பாய் போன்ற இழை சூட்டில் உப்பிக் கட்டியை இறுக்கிப் பிடிக்கும் நேரம் அது. அப்போது ரேஸ் கொடுத்து முறுக்காதீர்கள், கட்டி இடம் பெயரும்.

பில்லில் பார்ட் நம்பர் இருக்கட்டும். பழையதைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். செத்த கன்வெர்ட்டருக்கும் உள்ளிருக்கும் உலோகத்துக்காக நல்ல விலை உண்டு. பில்லில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புகைச் சான்று பாஸாகிறது. அப்படியானால் கன்வெர்ட்டர் நன்றாகத்தானே இருக்கிறது?
வாசகி, திருப்பூர்

அவசியமில்லை. புகைச் சான்றுக்கு பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கான வரம்பு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம். 2,500 ஆர்பிஎம்மில் கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதம், லாம்டா (காற்று–பெட்ரோல் கலவையின் அளவு; சரியான கலவைக்கு 1) 0.97 முதல் 1.03. நைட்ரஜன் ஆக்சைடை அங்கே அளப்பதே இல்லை. சுத்தமாக எரியும் என்ஜின் பாதித் திறன் கன்வெர்ட்டரோடும் தேறிவிடும். மறுபக்கம், நல்ல வண்டியும் வரிசையில் அரை மணி நேரம் அணைத்து நின்று ஆறியபின் அளந்தால் தோற்கும். சோதனைக்கு முன் பத்து நிமிடம் ஓட்டிவிட்டுப் போங்கள். லாம்டா 1.03-க்கு மேல் போனால் முதலில் சைலன்சர் ஓட்டையைப் பாருங்கள்.

உள்ளிருக்கும் கட்டியை உடைத்து எடுத்துவிட்டு, பின் சென்சாருக்கு ஸ்பேசர் போட்டுவிட்டால் விளக்கும் எரியாது, மைலேஜும் கூடும் என்கிறார்களே?
பி.கே., சேலம்

நல்ல நிலையிலுள்ள கன்வெர்ட்டரை எடுப்பதால் மைலேஜ் கூடுவதாகச் சொல்வதில் சாரமில்லை. அடைத்ததை எடுத்தால் கூடும். அது அடைப்பு நீங்கியதால். ஸ்பேசர் என்பது சென்சாரை ஓட்டத்திலிருந்து தள்ளி வைத்து அதன் கண்ணைக் கட்டுவது. நாளை என்ஜினில் நிஜமாகவே கோளாறு வந்தாலும் சொல்லாது. சட்டப்படியும் மாட்டுவீர்கள். மாசு வரம்பை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் கன்வெர்ட்டர் கெடுமா?
டி.வி., தஞ்சாவூர்

கன்வெர்ட்டருக்கு எத்தனால் எதிரியில்லை. எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால், ஒரு பங்கு எரிபொருளுக்குத் தேவையான காற்று, எத்தனால் கலக்காத பெட்ரோலுக்குரிய 14.7 பங்கிலிருந்து சுமார் 13.5-க்கு இறங்குகிறது. பத்து சதவீத எத்தனாலிலிருந்து மாறும்போது, சென்சார் உள்ள கார் பெட்ரோலை நான்கைந்து சதவீதம் கூட்டித் தானே சரிசெய்துகொள்ளும். ட்ரிம் அந்த அளவுக்கு ஏறினால் பயப்பட வேண்டாம். கார்புரேட்டர் பைக்கில் திருத்த ஆளில்லை. கலவை மெலிந்து, பிளக் வெளுத்து, திணறல் வந்தால் ஜெட்டைப் பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் மிதித்து இறங்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வருகிறது.
வாசகர், குன்னூர்

பெட்ரோலிலுள்ள கந்தகத்தை கன்வெர்ட்டர் பிடித்து வைத்து, கலவை கெட்டியாகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடாக விடுகிறது. பிஎஸ்6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்தான். எப்போதாவது வந்தால் பரவாயில்லை. தினமும் வந்தால் வண்டி அதிகமாகப் பெட்ரோல் குடிக்கிறது. இன்ஜெக்டர் கசிவு, ஃபியூல் பிரஷர், முன் சென்சார் என்ற வரிசையில் பாருங்கள்.

ஜப்பானிலிருந்து வந்த 1.8 லிட்டர் ஹைப்ரிட் வைத்திருக்கிறேன். பி0420 வருகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் என்ஜின் கொஞ்சம் உதறும், பிறகு சரியாகிவிடும். கன்வெர்ட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.
வாசகர், யாழ்ப்பாணம்

முதலில் அந்த உதறலைப் பாருங்கள். இரவில் நிறுத்தியிருக்கும்போது ஹெட் கேஸ்கெட் வழியே கூலன்ட் ஒரு சிலிண்டருக்குள் சொட்டினால் காலையில் இப்படித்தான் உதறும். இவ்வகை என்ஜின்களில், புகையில் ஒரு பகுதியைக் குளிரவைத்து என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் கூலரும் அதன் குழாயும் கரியால் அடைபட்டு, சூடு கூடி, கேஸ்கெட் பழுதாவது தெரிந்த கதை. குளிர்ந்த நிலையில் கூலிங் சிஸ்டத்துக்கு 15 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுத்து இரவு முழுக்க விட்டுவிட்டு, காலையில் பிளக்குகளைக் கழற்றிக் கேமராவால் பிஸ்டன் தலைகளைப் பாருங்கள். ஈரமாகவோ, மற்றவற்றைவிடக் கழுவியது போல் சுத்தமாகவோ ஒன்று இருந்தால் கசிவு அங்கேதான். கேஸ்கெட்டை மாற்றி, ஈஜிஆரைக் கழுவி, பி0420-ஐ ஸ்கேனரில் அழித்து, 60–80 கி.மீ. வேகத்தில் பதினைந்து நிமிடம் சீராக ஓட்டி, கேட்டலிஸ்ட் மானிட்டர், அதாவது கம்ப்யூட்டர் தானே செய்யும் கன்வெர்ட்டர் சோதனை, முடிந்ததாக ஸ்கேனர் காட்டும் வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் பி0420 வந்தால் கன்வெர்ட்டருக்கு விலை கேளுங்கள்.